சாரல் வெளிச்சமும் பில்டர் கண்ணாடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தங்கள் நாளிதழில் வாசகர்கள் எடுத்த படங்கள் வரத் தொடங்கும். ஐந்தருவி, சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி, ஆரியங்காவு மலைப்பாதை, கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் என்று எல்லாம் எங்கள் வட்டாரத்துப் படங்கள். ஆவலோடு பார்க்கிறோம். ஆனால் கொஞ்ச நாளாக அவற்றில் பல, மோர் தெளித்த மாதிரி வெளுத்துக் கிடக்கின்றன. 'மென்மையான வெளிச்சம் தரும் பில்டர்' என்று சொல்லி விற்கப்படும் மிஸ்ட் கண்ணாடிதான் காரணம். கண்ணாடியைக் குறை சொல்லவில்லை. அது நல்ல சாமான். எந்த வேலைக்கு என்று தெரியாமல் மாட்டுவதுதான் படத்தைக் கெடுக்கிறது. செங்கோட்டை, தென்காசி, புனலூர் பக்கம் இதே தொழிலில் இருக்கிறவர்கள் என்ற முறையில் விவரமாகவே எழுதுகிறோம். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முதலில் ஒரு பென்சிலும் வெள்ளைத் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் தாளுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே பென்சிலைப் பிடித்தால் நிழலின் ஓரம் கத்தி மாதிரி விழும். ஓரத்தில் மங்கல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம்தான் என்பதே அதற்குக் காரணம். அதே தாளைத் திண்ணைக்குக் கொண்டுவந்து பிடியுங்கள். நிழல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. இப்போது வெளிச்சம் தருவது தெருவின் மேலே தெரியும் வானம் முழுவதும். வெளிச்சம் வரும் இடம் எவ்வளவு அகலமோ, எவ்வளவு பக்கமோ, அவ்வளவுக்கு நிழல் மெதுவாக இறங்கும். இதைத்தான் மென்மையான வெளிச்சம் என்கிறோம். மூக்கின் நிழலும் கண்குழியும் எப்படி விழுகின்றன என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

லென்ஸின் முன்னால் மாட்டும் எந்தக் கண்ணாடியாலும் அந்த நிழலைத் தொட முடியாது. மிஸ்ட் பில்டரில் நுண்ணிய துகள்கள் இருக்கும். அவை பளிச்சென்ற இடத்து ஒளியில் ஒரு பங்கைச் சிதறடித்துப் பக்கத்து இருட்டின் மேல் பரப்பும். குத்துவிளக்குச் சுடரைச் சுற்றி ஒரு வளையம் வரும். நகையின் மினுமினுப்பு கூர்மை குறைந்து பூத்தது போலாகும். முகத்துத் தோலின் துளைகள் அடங்கும். ஆனால் உச்சி வெயிலில் நின்றவரின் கண்குழி கறுப்பாகத்தான் இருக்கும். அந்தக் கறுப்பின் மேல் ஒரு சாம்பல் திரை ஏறும், அவ்வளவுதான். வெயிலில் எடுத்த படத்தைப் பில்டர் காப்பாற்றும் என்று நம்பிப் பணம் கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கண்ணாடிகள் 1/8, 1/4, 1/2, 1 என்று வலு குறித்து வரும். டிஃபனின் பிளாக் ப்ரோ-மிஸ்ட் பழைய பெயர். கென்கோ, கே அண்ட் எஃப், நிசி ஆகியவையும் இதே வகையில் விற்கின்றன. 'பிளாக்' என்றால் துகள்களில் கறுப்பும் கலந்திருக்கும். அது சிதறிய ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிடுவதால் கருமை அவ்வளவாக வெளுக்காது. வெறும் மிஸ்ட் வெளுக்கும். அன்றாடப் படங்களுக்கு 1/8 போதும், கல்யாண வீட்டு விளக்குகளுக்கு 1/4. அதற்கு மேல் வாங்குவதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்று: லென்ஸின் குவியத்தூரம் (மி.மீ. எண்) கூடக் கூட விளைவும் கூடும். 24 மி.மீ.யில் இருப்பதே தெரியாத 1/4 கண்ணாடி, 85 மி.மீ.யில் முகத்தை நன்றாகவே கரைத்துவிடும். ஜூம் செய்துகொண்டே எடுப்பவர்களுக்கு ஒரே மண்டபத்தில் ஒரு படம் தெளிவாகவும் அடுத்த படம் புகையாகவும் வருவது இதனால்தான்.

அபெர்ச்சரும், அதாவது லென்ஸின் துளை அளவும், பார்க்க வேண்டும்; எஃப் எண் கூடினால் துளை சுருங்கும். எஃப் 2 முதல் 5.6 வரை பிரச்சினை இல்லை. எஃப் 16 என்று சுருக்கி, வைடு லென்ஸில் எதிர்வெயிலுக்குத் திருப்பினால் துகள்களே புள்ளி புள்ளியாகப் படத்தில் இறங்கும். பின்னால் சீரியல் பல்பு இருந்தால் மங்கலான ஒளி வட்டங்களுக்குள்ளும் அந்தப் புள்ளிகள் தெரியலாம். வெயில் நேராகக் கண்ணாடியில் பட்டால் படம் முழுக்க வெளுக்கும். ஆகவே லென்ஸின் முன்னால் வெயிலை மறைக்கும் ஹூட் கட்டாயம்; இல்லையென்றால் கையை வைத்தாவது மறைக்க வேண்டும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியை, 1/3 முதல் 2/3 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) குறைத்து வைத்தால் ஒளிவளையம் வெள்ளைத் திட்டாகாமல் நிறத்தோடு நிற்கும். வெள்ளை வேட்டி சட்டைக்காரரை எதிர்வெளிச்சத்தில் எடுக்கும்போது இது மிக முக்கியம். சட்டையின் வெள்ளை வழிந்து தாடைக் கோட்டைத் தின்றுவிடும். ஒருமுறை தின்றால் கம்ப்யூட்டரில் திரும்பக் கிடைக்காது. சந்தேகம் இருந்தால் பில்டரோடு ஒன்று, பில்டர் இல்லாமல் ஒன்று எடுத்து வைப்பதே புத்திசாலித்தனம்.

இனி எங்கள் ஊர் விஷயம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய் வழியாக வரும் சாரலே ஒரு பில்டர். காற்றில் தொங்கும் நீர்த்துளிகள் செய்வதும் மிஸ்ட் கண்ணாடித் துகள்கள் செய்வதும் ஒரே வேலைதான்: ஒளியைச் சிதறடிப்பது. மேகம் வானம் முழுவதையும் ஒரே விளக்காக்கிவிடும். சாரல் தூரத்து மலையை வெளுக்கச் செய்யும். அந்த நேரத்தில் மேலும் ஒரு மிஸ்ட் கண்ணாடி மாட்டினால், மலை, மரம், ஆள் எல்லாம் ஒரே சாம்பல். சாரலில் மிஸ்ட் பில்டரைக் கழற்றிப் பையில் வையுங்கள். அன்றைக்கு வேண்டியது பிரதிபலிப்பை அடக்கும் போலரைசர் பில்டர்.

நனைந்த இலையைக் கிட்டத்தில் பாருங்கள். பச்சைக்கு மேலே வானத்தின் வெள்ளை ஒரு தகடு மாதிரி ஒட்டியிருக்கும். ரப்பர் இலை, பலா இலை, பாசி படிந்த பாறை எல்லாவற்றிலும் அந்தத் தகடு உண்டு. கண் அதைத் தள்ளிவிட்டுப் பச்சையைப் பார்க்கும், கேமரா தள்ளாது. சர்குலர் போலரைசரை மாட்டி வளையத்தை மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் அந்த வெள்ளை மறைந்து இலையின் உண்மையான நிறம் எழும். வெயில் இல்லாத நாளிலும் இது வேலை செய்யும். நீர்ப்பரப்பைப் பார்க்கும்போது, தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் பார்த்தால் பிரதிபலிப்பு அதிகமாக அடங்கும். நேர் மேலிருந்து பார்த்தால் ஒன்றும் ஆகாது. உலோகப் பளபளப்பையும் அது அடக்காது. ஆகவே பித்தளைப் பாத்திரத்துக்கும் குரோம் பூசிய கார் பம்பருக்கும் அதை நம்ப வேண்டாம். நீல வானத்தைக் கருமையாக்க வேண்டுமென்றால் சூரியனுக்குக் குறுக்கே, 90 டிகிரியில் நிற்க வேண்டும். வைடு லென்ஸில் அதைச் செய்தால் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரியும்.

போலரைசரில் செய்யும் தவறுகள் மூன்று நான்கு உண்டு. படுக்கைவாக்கில் திருப்பி வைத்த வளையம், கேமராவை நிமிர்த்தியதும் பொருந்தாது. மறுபடி திருப்ப வேண்டும். கேமராவோடு சேர்ந்து வரும் சில பழைய கிட் லென்ஸ்களில் ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதியே சுழலும். அவற்றில் முதலில் ஃபோகஸ், பிறகு வளையம். வளையத்தை எப்போதும் மரை இறுகும் பக்கமாகவே சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றிச் சுற்றி அது கழன்று அருவியோடு போகும். வெயில் விழுந்து அருவியில் வானவில் தெரிகிற நேரத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு நிலையில் வானவில் தெளிவாகும், கால் சுற்று திருப்பினால் காணாமலே போகும். முகத்துக்குப் பயன்படுத்தும்போது முழுக்கத் திருப்பாமல் பாதியில் நிறுத்துங்கள். எண்ணெய்ப் பளபளப்பு குறைந்தால் போதும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தோல் மண்பொம்மை மாதிரி உயிரில்லாமல் போகும்.

அருவி நீர் பட்டுத்துணி மாதிரி வர வேண்டுமென்றால் ஷட்டர் கால் விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை திறந்திருக்க வேண்டும். கணக்கு எளிது. மேகமூட்டத்தில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, எஃப் 11 வைத்தால் கேமராவின் ஒளி மீட்டர் ஏறக்குறைய 1/30 விநாடி காட்டும். போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் தின்னும், 1/8 ஆகும். அதன்மேல், ஒளியின் அளவை மட்டும் குறைக்கும் கருங்கண்ணாடியான என்.டி. 8 மாட்டினால் இன்னும் மூன்று ஸ்டாப், ஒரு விநாடி. வெயில் நாளில் என்.டி. 64 வேண்டும், அது ஆறு ஸ்டாப். பத்து ஸ்டாப் குறைக்கும் என்.டி. 1000 வாங்கி அருவிக்கு வருகிறவர்கள் உண்டு. அது மேகத்தை இழுக்கவும் கூட்டத்தைக் கரைக்கவும் நல்லது; அருவியை வெறும் புகையாக்கிவிடும். ட்ரைபாடின் நடுக்கம்பை உயர்த்த வேண்டாம். கணவாய்க் காற்று ஆளையே தள்ளுகிற ஊர் இது. நடுக்கம்பின் கொக்கியில் பையைத் தொங்கவிட்டு, அந்தப் பை தரையைத் தொட்டுக்கொண்டிருக்குமாறு வையுங்கள். ஆடினால் அதுவே படத்தை ஆட்டும். துளி விழும் லென்ஸை ஒவ்வொரு படத்துக்கும் துடைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி, நடு அருவியில் ஒரு வெள்ளைக் குமிழியாக வந்து நிற்கும்.

சாரல் இல்லாத நாளில் மென்மையான வெளிச்சத்துக்கு எங்கே போவது என்றால், மலையைப் பாருங்கள். செங்கோட்டைக்கு மேற்கே தொடர்ச்சி மலை சுவராக நிற்கிறது. காலண்டரில் போட்ட அஸ்தமன நேரத்துக்கு முன்பே சூரியன் அதன் பின்னால் இறங்கிவிடும். பொன்வெயில் கிடைக்கவில்லையே என்று வெளியூர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள். ஆனால் அதற்குப் பிறகு, வானம் வெளிச்சமாக இருக்க ஊர் மட்டும் நிழலில் இருக்கும் ஒரு நீண்ட பொழுது கிடைக்கிறது. முகம் எடுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆளைக் கிழக்குப் பார்த்து நிறுத்துங்கள். எதிர்வானம் முழுக்க அவர் முகத்தில் விழும். பில்டர் எதுவும் வேண்டாம். நிறம் நீலமாகச் சாயும் என்பதால் கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 'நிழல்' அடையாளத்தில் வைத்தால் போதும்.

நண்பகலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் நாலு முழ வேட்டி ஒன்று. இரண்டு பேர் ஓரங்களைப் பிடித்து, எடுக்கப்படுபவரின் தலைக்கு ஒரு கை உயரம் மேலே விரிக்க வேண்டும். அதைவிட உயர்த்தினால் வெளிச்சம் மறுபடி கடினமாகும், தாழ்த்தினால் படத்துக்குள் துணி தெரியும். நன்றாக வெளுத்த மெல்லிய வேட்டி நல்லது. எல்லைக்கு அந்தப்பக்கத்துக் கசவு முண்டு பழுப்பு வெள்ளை என்பதால் முகத்தில் லேசாக மஞ்சள் ஏறும். சிலருக்கு அது பிடித்தும் இருக்கும். வண்ணக் கரை முகத்துக்கு மேல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னணி வெயிலில் இருப்பதால் முகத்தைவிட வெளுத்துப் போகும். அதற்கு மரநிழலையோ சுவர் நிழலையோ பின்னால் அமைத்துக்கொள்ள வேண்டும். ஆடி மாதக் காற்றில் வேட்டி பாய்மரமாகிவிடும். அப்போது வாசற்படிதான் கதி: ஆளை நிலைக்கு அரை மீட்டர் உள்ளே, வெளியே பார்த்து நிற்க வையுங்கள். சிவப்புச் சிமெண்டுத் தரை தாடைக்குக் கீழே சிவப்பு அடிக்கும். ஒரு வெள்ளைத் துண்டைக் காலடியில் விரித்தால் போய்விடும். மரத்தடிப் புள்ளி வெயிலில் யாரையும் நிறுத்த வேண்டாம். முகத்தில் விழும் அந்த வெள்ளைக் காசுகளை எந்தக் கண்ணாடியும் எடுக்காது.

யு.வி. பில்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிஜிட்டல் சென்சாரில் புற ஊதாவைத் தடுக்கும் அடுக்கு ஏற்கெனவே இருக்கிறது. யு.வி. கண்ணாடி சாரலுக்கும் தூசிக்கும் ஒரு மூடி, அவ்வளவே. இரவில் தேர், சப்பரம் எடுக்கும்போது கழற்றிவிடுங்கள். சென்சாருக்கும் பில்டருக்கும் நடுவே ஒளி எதிரடித்து, ஒவ்வொரு விளக்குக்கும் நேர் எதிர்மூலையில் தலைகீழாக ஒரு பச்சை விளக்கு தெரியும்.

காசு செலவழிக்காமல் மிஸ்ட் விளைவு வேண்டுமென்றால் கறுப்பு நைலான் சாக்ஸ் துணியை லென்ஸின் முன்னே இழுத்து ரப்பர் பேண்டு போடலாம். இழுக்க இழுக்கக் கண்ணி விரிந்து விளைவு குறையும். வெள்ளைத் துணி போட்டால் படம் வெளுக்கும். தையல் கடை நெட் துணியில் கண்ணி பெரிது. விளக்குகளில் சிலுவை மாதிரி கீற்று வரும். இன்னொரு வழி, பழைய யு.வி. கண்ணாடியில் பெட்ரோலியம் ஜெல்லி. நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவு விட்டுவிட்டு ஓரத்தில் மெல்லிசாகத் தடவ வேண்டும். தடவிய திசைக்குக் குறுக்காகத்தான் ஒளி இழுபடும் என்பதை நினைவில் வைத்தால், கீற்று எப்படி வர வேண்டுமோ அப்படித் தடவலாம். லென்ஸின் மேல் நேரடியாக ஒருபோதும் தடவக் கூடாது. வேலை முடிந்ததும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கண்ணாடியைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளிப் பில்டரை ஒரு லென்ஸின் மேல் மாட்டுகிறீர்கள். வெளிச்சம் குறைந்தாலோ ஜூம் செய்தாலோ போன் தானாகவே வேறு லென்ஸுக்குத் தாவிவிடும். பில்டரே வேலை செய்யவில்லை என்று பலர் சொல்வது இதனால். மாட்டிய பிறகு அந்த லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை இருண்டால் சரி. விரல் எண்ணெய் படிந்த லென்ஸின் மங்கலை மென்மை என்று எண்ணிவிடவும் கூடாது. பருத்தித் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

வாங்கும்போது அளவு முக்கியம். லென்ஸின் முன்விளிம்பில் குறுக்குக்கோடு போட்ட வட்டக் குறியோடு 49, 52, 55, 58, 67, 77 என்று இருக்கும் எண்தான் மரை அளவு, லென்ஸின் மி.மீ. வேறு. இரண்டு மூன்று லென்ஸ் இருந்தால் பெரிய அளவுக்கு ஒரே நல்ல பில்டர் வாங்கி, மற்றவற்றுக்குச் சிறிய மரையில் பெரிய பில்டரைப் பொருத்தும் ஸ்டெப்-அப் ரிங் போடுவது மிச்சம். கடையிலேயே சோதிக்கலாம். கண்ணாடியில் டியூப்லைட்டைப் பிரதிபலிக்கவிடுங்கள். கோட்டிங் இருந்தால் பிரதிபலிப்பு மங்கி, பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். இல்லையென்றால் வெள்ளையாகப் பளிச்சிடும். மெதுவாகச் சாய்க்கும்போது டியூப்லைட் கோடு நெளிந்தால் கண்ணாடி சமதளம் இல்லை. வெள்ளைத் தாளின் மேல் வைத்தால் மஞ்சள் சாய்வு தெரிந்துவிடும். போலரைசர் உண்மையானதா என்று பார்க்கக் கடைக்காரரின் கால்குலேட்டர் போதும்: லென்ஸில் மாட்டும் பக்கம் கண்ணை நோக்கி இருக்கும்படி பிடித்து, திரையைப் பார்த்தபடி திருப்பினால் ஓரிடத்தில் திரை முழுக்கக் கறுக்க வேண்டும்.

கோணலாக மாட்டி இறுகிவிட்ட பில்டரைப் பிடித்து நசுக்காதீர்கள். வளையம் முட்டை வடிவமாகி இன்னும் இறுகும். வளையத்தின் மேல் அகலமான ரப்பர் பேண்டு சுற்றி, விரல் நுனிகளை வட்டம் முழுக்கப் பரப்பி, அழுத்தாமல் திருப்பினால் வந்துவிடும். ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் பனி படியும். பையை மூடியபடியே இருபது, முப்பது நிமிடம் வெளிக்காற்றில் வைத்தால் படியாது. சாரலில் எடுத்து வந்த பில்டரை ஈரத்தோடு டப்பாவில் மூடினால் ஃபங்கஸ் சிலந்தி வலை மாதிரி பிடிக்கும். பிறகு அது லென்ஸுக்கும் தாவும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் வறுத்து உலர்த்த வேண்டிய நேரம். சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம்.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். செய்தித்தாள் மை தாளில் ஊறிப் பரவும். கருமை அங்கே அடர்ந்த சாம்பலாகத்தான் நிற்கும். திரையில் அழகாகத் தெரியும் மிஸ்ட் படம், அச்சில் ஏற்கெனவே குறைந்த கான்ட்ராஸ்ட்டை இன்னும் இழந்துவிடுகிறது. ஆகவே சீசன் படங்களைக் கேட்கும் அறிவிப்பில், பில்டர் இல்லாமல் எடுத்த படியையும் சேர்த்து அனுப்புமாறு ஒரு வரி போடுங்கள். அச்சாகும் படத்தின் கீழே ஊர்ப் பெயரோடு லென்ஸ், அபெர்ச்சர், ஷட்டர், மாட்டிய பில்டர், எடுத்த நேரம் ஆகியவற்றையும் ஒரே வரியில் வெளியிட்டால், அடுத்த வாரம் அதே அருவிக்குப் போகும் வாசகர் அதைப் பார்த்துத் தம் கேமராவை வைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
புகைப்படத் தொழில் செய்வோர் சிலர்,
செங்கோட்டை.